எண்பத்தேழாவது படம்

ஒரே முகாமில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நெஞ்சுப் படம் எடுத்திருந்தோம். கணினியில் இருந்தது இருநூற்றுப் பதினொன்று. ஆண்டறிக்கை எழுதுவதற்காக மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. ஒரு படம்தானே என்று ஒரு நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிடம் அந்த முகாம் நடந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தப் படம் எப்படிக் காணாமல் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் காணாமல் போக்கியவள் நான்தான்.

சென்னையில் நான்கு வருடம் ஒரு கம்பெனிக்குப் பைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மேலாளரோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். வந்த இரண்டாவது மாதம் மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தேன். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போய், காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுப் படம் எடுத்துப் பார்ப்பது அதன் வேலை. கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு சின்ன எக்ஸ்ரே எந்திரம் இருக்கிறது. அதை இயக்குகிறவன் பெல்வின். எடுத்த படங்களைக் கணினியில் அடுக்கி, வேலூரில் இருக்கும் டாக்டர் பார்ப்பதற்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

எந்திரத்துக்கு ஆளைத் தெரியாது. படத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணை மட்டும் போடும். எந்த எண் யாருடையது என்பதை ஊர்ச் சுகாதாரப் பணியாளர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். அந்த நோட்டைப் பார்த்து நான் பட்டியல் அடிப்பேன். பட்டியலைப் படித்து ஒவ்வொரு படத்தையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைக்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஊர்ப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆளின் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்த ஒரு ஃபோல்டர், அதற்குள் படம். ஊர், பெயர், அப்பா பெயர், இவ்வளவுதான் அந்தப் படத்தின் முகவரி. டாக்டர் அந்த முகவரியில் போய்ப் படத்தைப் பார்த்து, பக்கத்திலேயே முடிவை எழுதிவைப்பார். பிறகு என் புரோகிராம் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படிக்கும். ஒவ்வொருவர் முகவரிக்கும் போய் முடிவை எடுத்து, அவர் கைபேசிக்கு மெசேஜ் அனுப்பும். இதை எழுதி முடித்தபோது நான் அலுவலகத்தில் அலட்டிக்கொண்டது கொஞ்ச நஞ்சமல்ல.

ஆகஸ்டில் புதூர்நாட்டுப் பக்கம் மேல்நெல்லியூரில் முகாம் நடந்தது. ஊர்ப் பணியாளர் அன்பரசி. அவள் நோட்டில் பெயர், அப்பா பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் 'மேல வூடு', 'பலாமர வூடு', 'பாறை வூடு' என்று ஒருவர் விடாமல் எழுதியிருந்தாள். வேலையற்ற வேலை என்று நினைத்தேன். அந்தக் கட்டத்தை மட்டும் நான் அடிக்கவில்லை.

பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்து புரோகிராமை ஓட்டினேன். பாதியில் லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. ஜீப் பேட்டரியில் இணைப்புக் கொடுத்து, அரைகுறையாக இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, எந்திரத்தின் மெமரி கார்டிலிருந்து படங்களை மறுபடி இறக்கி முதலிலிருந்து ஓட்டினேன். நூற்று நாற்பத்து மூன்றாவது படத்தில் வந்து நின்றது. நீ சொல்லும் இடத்தில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. முதல் தடவை ஓட்டியதில் ஏதோ ஒன்று அழியாமல் மிச்சமிருக்கிறது என்று முடிவுகட்டினேன். அங்கே போய் எட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் பசி. பெல்வின் அவன் அம்மா செய்து கொடுத்த கோழிக் குழம்பைத் திறந்துவிட்டான், வாசனை வராண்டா முழுக்க வந்துவிட்டது.

என் புரோகிராமில் கோப்பை நகர்த்தும் வரியில் 'ரீநேம்' என்று எழுதியிருந்தேன். எங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் அந்தக் கட்டளை, போகும் இடத்தில் இன்னொரு கோப்பு இருந்தால் நின்றுவிடும், தொடாது. 'ரீப்ளேஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது எதையும் கேட்காது, இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை அங்கே வைத்துவிடும். நான் அந்த ஒரு சொல்லை மாற்றினேன். புரோகிராம் கடைசிவரை ஓடிற்று. போய்ச் சாப்பிட்டேன்.

இப்போது நவம்பரில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எண் எண்பத்தேழு: மேல்நெல்லியூர், ரங்கசாமி, த/பெ மணிவேல். எண் நூற்று நாற்பத்து மூன்று: மேல்நெல்லியூர், ரங்கசாமி, த/பெ மணிவேல். வயது வேறு, போன் நம்பர் வேறு. இரண்டு ஆள். இரண்டு பேருக்கும் நான் கொடுத்த முகவரி ஒன்று.

அன்பரசிக்குப் போன் போட்டேன். அவள் ஊரில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்குக் குலசாமி பெயர், இது மாறவே மாறாதாம். ஒரு தாத்தாவின் பெயரைச் சுமக்கும் மணிவேல்கள் இரண்டு பேர், பங்காளிகள். இரண்டு பேருக்கும் இரண்டாவது மகன் ரங்கசாமி.

"அதுக்குத்தான் மேடம் கடைசில வூட்டுப் பேர எழுதி வெச்சேன். எங்கூர்ல பேரச் சொல்லித் தேடினா ஆளு கெடைக்காது. வூட்டச் சொல்லணும்."

எண்பத்தேழு யார் என்று கேட்டேன். பாறை வூடு என்றாள். நூற்று நாற்பத்து மூன்று மேல வூடு. முகவரியில் மிஞ்சியது மேல வீட்டுக்காரரின் படம். அதில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். என் புரோகிராம் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்து, எண்பத்தேழில் அந்த முகவரிக்குப் போய் 'ஒன்றும் இல்லை' என்பதை எடுத்து அனுப்பியிருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றிலும் அதே முகவரிக்குப் போய் அதையே எடுத்து அனுப்பியிருக்கிறது. அதாவது பாறை வீட்டு ரங்கசாமியின் படத்தை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. உனக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் அவருக்குச் சொல்லிவிட்டோம்.

அவருக்கு இருமல் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள் அன்பரசி. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி இரண்டு முறை போய்ச் சொன்னாளாம். மெசேஜைக் காட்டினாராம். அவளும் சரி, புகையிலை இருமல் போல என்று திரும்பி வந்துவிட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது.

பெல்வினிடம் ஓடினேன். எந்திரத்தின் மெமரி கார்டில் பழைய படம் இருக்குமா என்று கேட்டேன். ஒவ்வொரு முகாம் முடிந்ததும் அதைத் துடைத்துவிடுவது அவன் வழக்கம். அதன்பிறகு பத்தொன்பது முகாம் போய்வந்துவிட்டோம். என்னவென்று கேட்டவனிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் எந்திரத்தைச் சார்ஜில் போட்டான்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் மரியஜோசப் சார் கெட்ட மனிதர் இல்லை. மலையில் ஒரு வதந்தி கிளம்பினால் அடுத்த முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவர் பயம், அதுவும் உண்மைதான். படத்தை முதலில் எடு, மறுபரிசோதனை என்று சொல், உண்மையைப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் கோபக்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. சரி சார் என்றேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அவர் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறினோம். வழியெல்லாம் மூடுபனி. நான் 'மறுபரிசோதனை' என்ற சொல்லை மனதுக்குள் விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேல்நெல்லியூரில் அன்பரசி ஏறிக்கொண்டாள்.

பாறை வீடு ஊருக்கு வெளியே, பெயருக்கு ஏற்றபடி ஒரு பெரிய பாறையின் மேல் சாய்ந்தாற்போல் இருந்தது. கீழே சரிவில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரங்கசாமிக்கு வயது முப்பத்து நான்கு என்று பட்டியலில் படித்திருந்தேன். நேரில் ஐம்பது சொல்லலாம். சட்டை அவர் தோளில் மாட்டிவைத்தது போல் தொங்கியது. நாங்கள் வருவதைப் பார்த்து மேலே ஏறி வந்தவர், பாதியில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டு மறுபடி ஏறினார். பின்னாலேயே அவர் மனைவி மங்கம்மாள் வந்தாள். அவள் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். வழக்கமான மறுபரிசோதனை, ஐந்து நிமிடம்தான் என்றேன்.

"அதான் ஆடி மாசத்துலயே எடுத்தீங்களே," என்றார் ரங்கசாமி. "ஒண்ணும் இல்லன்னு நீங்களே மெசேஜ் அனுப்பிட்டீங்க. அப்பறம் இன்னாத்துக்கு மேடம்? அறுப்பு கெடக்குது."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தார். 'ரங்கசாமி அவர்களே, உங்கள் நெஞ்சுப் படத்தில் காசநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. நன்றி.' அந்த நன்றியை நான்தான் சேர்த்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்று.

இருமல் இருக்கிறதே அண்ணா என்றேன். எந்திரத்தில் தெரியாததா உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று கேட்டுச் சிரித்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கினார். பெல்வின் என்னைப் பார்த்தான். அன்பரசி தரையைப் பார்த்தாள். நான் அனுப்பிய பொய்யை அவர் நம்பிவிட்டார், இனி எந்தப் பொய்யாலும் அவரை அந்த எந்திரத்துக்கு முன் நிறுத்த முடியாது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு எனக்கு எந்தப் பெருமையும் இல்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

"அண்ணா, அது உங்க படம் இல்ல," என்றேன். "மேல வூட்டு ரங்கசாமி அண்ணனோடது. உங்க படத்த நான் அழிச்சிட்டேன். தெரியாம அழிச்சிட்டேன். டாக்டர் உங்க படத்தப் பாக்கவே இல்ல."

அவர் நின்றார். புரியாமல் அன்பரசியைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பெயர், அப்பா பெயரும் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துவிட்டார்கள் என்று அன்பரசி எடுத்துச் சொன்னாள். அவர் மறுபடி போனைப் பார்த்தார். அதிலிருந்த பெயர் அவர் பெயர்தான். அப்படியானால் எனக்கு நோய் இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்றேன்.

மங்கம்மாள் குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நாலு மாசமா பாப்பாவ காவலூர்ல எங்கம்மா வூட்டுல வுட்டு வெச்சிருந்தேன்," என்றாள். "இந்த மனுசன் இருமிக்கினே கெடக்கறாரு, புள்ளைக்கு ஒட்டிக்கும்னு. உங்க மெசேஜ் வந்த மறாநாளு போய்க் கூட்டியாந்தேன். அன்னிலருந்து அவரு நெஞ்சு மேலதான் படுத்துக்குது."

குழந்தை என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. குழந்தை கையை நீட்டியபடியே இருந்தது.

ரங்கசாமிக்குப் பாறைக்கு முன்னால் வைத்தே படம் எடுத்தோம். பெல்வின் எடுத்ததும் திரையைப் பார்த்தான், பிறகு என் பக்கம் திருப்பினான். அதைப் படிக்க டாக்டர் தேவைப்படவில்லை. இடது பக்கம் மேல்பாதி முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஆகஸ்டில் இது எவ்வளவு இருந்திருக்கும் என்று பெல்வினிடம் கேட்டேன். கேட்காதே மெர்சி என்றான்.

ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு நாங்கள் முகாமில் படம் எடுப்பதில்லை. அதனால் மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே அரசு மருத்துவமனைக்கு இறங்கினோம். அறுப்பைப் பார்த்துக்கொள்ள மேல வீட்டு ரங்கசாமி வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. ஏதோ தன் மேல் தப்பு இருப்பது போல, ஜீப் கிளம்பும்வரை பங்காளியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். தப்புச் செய்த நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ரங்கசாமிக்குச் சளி சோதனையில் அன்றே தெரிந்துவிட்டது. மாத்திரை தொடங்கினார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும், ஆனால் போன நுரையீரல் முழுதாகத் திரும்பாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். முன்னமே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் வெளியே போய்விட்டேன்.

குழந்தைக்குச் சளி வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். மங்கம்மாள் குழந்தையின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்திருந்தாள். அது போட்ட சத்தம் வராண்டாவின் கடைசிவரை கேட்டது. முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வந்ததும் போனுக்கு அனுப்பிவிடுவோம் என்று நர்ஸ் சொன்னார்.

"போனுக்கு வேணாம்," என்றாள் மங்கம்மாள். நர்ஸிடம் அல்ல, என்னிடம் சொன்னாள். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அத்தோடு அதை நிறுத்திவிட்டாள். "இந்தத் தடவ மெசேஜ் அனுப்பாத. நீயே வந்து சொல்லு."

அந்த வாரத்தில் நான் புரோகிராமைத் திருத்தினேன். வீட்டுப் பெயரைப் படத்தின் முகவரியில் சேர்த்தேன். 'ரீப்ளேஸ்' என்பதை எடுத்துவிட்டு 'ரீநேம்' என்று போட்டேன். பத்து நிமிட வேலை. மற்ற ஊர்ப் பட்டியல்களையும் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். வேறு எந்தப் படமும் அழியவில்லை. இதைக் கேட்டு மரியஜோசப் சார் கடவுளுக்கு நன்றி சொன்னார். நடந்ததை அறிக்கையில் எழுதுவேன் என்றேன். முதலில் தயங்கினார், பிறகு சரி, எழுது என்றார்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. நான் போய் வாங்கிக்கொண்டேன். பெல்வின் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். பஸ் பிடித்துப் புதூர்நாடு போய், அங்கிருந்து புளி மூட்டை ஏற்றப் போகிற ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு, மீதியை நடந்தேன். நடக்கும்போது சொல்லவேண்டியதை ஒத்திகை பார்க்கவில்லை. ஒரே வாக்கியம்தான்.

மங்கம்மாள் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். எதிர்கொண்டு வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள். குழந்தை வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பாவுக்கும் இருக்குதுக்கா," என்றேன். "ஆறு மாசம் மருந்து குடுக்கணும். குடுத்தா சரியாய்டும்னு டாக்டர் சொன்னாரு. நாளைக்கே கீழ வரச் சொன்னாங்க. ஜீப் அனுப்பறேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குழந்தையின் மேல் விழுந்திருந்த உமியைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் அதன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உன் பேரு இன்னா?"

இரண்டாவது முறையாகச் சந்திக்கிறோம். அதுவரை அவள் கேட்டதில்லை. மெர்சிலின் என்றேன்.

"பேர மட்டும் வெச்சிக்கினு எங்க வந்து தேடறது? எந்த ஊரு, எந்த வூடு?"

அடிவாரத்தில் ஆலங்குட்டை என்றேன். மாதா கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு. அம்மா பெயர் பிலோமினாள் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். எங்கள் தெருவில் பிலோமினாள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"தையக்காரம்மா வூடுன்னு கேளுங்க," என்றேன். "யார கேட்டாலும் காட்டுவாங்க."

அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். உதடு அசைய அவளும் கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆலங்குட்டை, மாதா கோயில் தெரு, தொட்டிக்கு எதிர வூடு, தையக்காரம்மா வூடு. ஒன்றும் விடுபடவில்லை என்று தெரிந்ததும் முறத்தைக் கையில் எடுத்தாள்.

"பாப்பாவுக்கு எதுனா ஆச்சின்னா அங்க வருவேன்," என்றாள்.

"வாங்கக்கா," என்றேன்.